குமரியிலிருந்து ஏர் ஆம்புலன்ஸ்: சிறிய ஜெட்டில் நோயாளியைக் கொண்டுபோக ஒரு வழிகாட்டி

கன்னியாகுமரி மாவட்டத்தில் விமான நிலையம் கிடையாது. இங்கிருந்து ஏர் ஆம்புலன்ஸ் ஏற்பாடு செய்பவர்களின் கணக்கெல்லாம் இந்த ஒரு விஷயத்தில்தான் தொடங்குகிறது. நாகர்கோவிலில் ஐ.சி.யூ.வில் கிடக்கும் நோயாளி சென்னைக்குப் பறக்க வேண்டுமென்றால், முதலில் மாநில எல்லையைத் தாண்டி சுமார் 70 கிலோமீட்டர் சாலையில் போய்த் திருவனந்தபுரத்தைச் சேர வேண்டும். விமானத்தில் இருக்கும் நேரம் ஒன்றேகால் மணி. அதற்கு முன்னும் பின்னும் நடப்பவைதான் அதிக நேரம் எடுக்கும். தவறுகளும் பெரும்பாலும் அங்கேதான் நடக்கும்.

வீட்டில் யாராவது ஆபத்தான நிலையில் இருக்கும்போது முதன்முறையாக இந்த ஏற்பாட்டில் இறங்குபவர்களுக்காகவும், அனுப்பும் மருத்துவமனையில் புதிதாகப் பொறுப்பேற்ற மருத்துவர்கள், செவிலியர்களுக்காகவும் இதை எழுதுகிறோம்.

முதலில் கேட்க வேண்டியது: விமானம் தேவையா?

நேரம் முக்கியமான நோய்களில் பலவற்றுக்கு விமானம் உதவாது. மாரடைப்பில் அடைத்த ரத்தக்குழாயை இரண்டு மணி நேரத்துக்குள் திறக்க வேண்டும். பக்கவாதத்தில் உறைந்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். பாம்புக்கடிக்கு விஷமுறிவு மருந்து அருகிலுள்ள அரசு மருத்துவமனையிலேயே இருக்கிறது. இந்த மூன்றுக்கும் விமானத்துக்காகக் காத்திருப்பது நோயாளிக்குக் கெடுதல். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ நாகர்கோவிலில் வசதியுள்ள தனியார் மருத்துவமனையோ, எது பக்கமோ அங்கே போய்விட வேண்டும்.

இரண்டாவது கேள்வி, தேவையான சிகிச்சை திருவனந்தபுரத்தில் கிடைக்குமா என்பது. ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் இதயமும் மூளையும், மண்டல புற்றுநோய் மையத்தில் புற்றுநோயும் பார்க்கிறார்கள். அரசு மருத்துவக் கல்லூரியும் அங்கேயே இருக்கிறது. குமரிக்காரர்கள் தலைமுறைகளாகப் போய்வரும் வழி அது. விமான நிலையம் வரை போகும் அதே சாலைதான் அந்த மருத்துவமனைகளுக்கும் போகிறது. அங்கே படுக்கை கிடைக்குமென்றால் விமானத்துக்குச் செலவழிக்கத் தேவையில்லை.

மிச்சமிருப்பவர்களுக்குத்தான் விமானம்: உறுப்பு மாற்று சிகிச்சைக்குப் போகிறவர்கள், எக்மோ (இதயம், நுரையீரலின் வேலையை வெளியிலிருந்து செய்யும் இயந்திரம்) தேவைப்படக்கூடியவர்கள், பெரிய தீக்காயம், சிக்கலான பிறவி இதயக் குறையுள்ள குழந்தைகள், நிலைப்படுத்தியபின் நெடுந்தூரச் சிறப்புச் சிகிச்சைக்குப் போக வேண்டிய வென்டிலேட்டர் நோயாளிகள்.

மணிக்கணக்கைப் போட்டுப் பாருங்கள்

ஏர் ஆம்புலன்ஸ் விமானங்கள் சென்னை, பெங்களூரு, ஐதராபாத், மும்பை, டெல்லி போன்ற பெருநகரங்களில்தான் நிற்கும். சென்னையிலிருந்து ஒன்று வருவதாக வைத்துக்கொள்வோம். போன் செய்ததிலிருந்து மருத்துவ விவரம் பார்த்து, முன்பணம் வாங்கி, விமானிகளையும் மருத்துவக் குழுவையும் திரட்டி, பறப்புத் திட்டத்துக்கு அனுமதி பெற்றுக் கிளம்ப 3 மணி நேரம். திருவனந்தபுரம் வர ஒன்றேகால். குழு இறங்கி ஆம்புலன்ஸில் நாகர்கோவில் வர 2 மணி. நோயாளியைத் தங்கள் கருவிகளுக்கு மாற்ற முக்கால் மணி. திரும்பிப்போக 2 மணி. ஏற்றிக் கிளம்ப அரை மணி. மறுபடி ஒன்றேகால் மணிப் பறப்பு. சென்னையில் இறக்கி மருத்துவமனை சேர ஒன்றேகால். கூட்டினால் 12 மணி நேரம்.

நாகர்கோவிலிலிருந்து சென்னைக்குச் சாலை வழி சுமார் 700 கிலோமீட்டர். நல்ல ஐ.சி.யூ. ஆம்புலன்ஸும் ஏறக்குறைய அதே 12 மணி நேரத்தில் போய்விடும். அப்படியானால் விமானம் எதற்கு? மேலே சொன்ன கணக்கில் நோயாளி ஐ.சி.யூ.வை விட்டு வெளியே இருப்பது 5 மணி நேரம்தான். மீதி 7 மணி நேரமும் அவர் தன் படுக்கையிலேயே, முழு வசதியோடு இருக்கிறார். சாலை வழியென்றால் 12 மணி நேரமும் குலுங்கும் வண்டிக்குள். விமானத்துக்குக் கொடுக்கும் காசுக்குக் கிடைப்பது இந்த வித்தியாசம். இதைப் புரிந்துகொள்ளாமல் 'சீக்கிரம் போய்விடலாம்' என்று மட்டும் நினைத்து ஏற்பாடு செய்த குடும்பங்கள், எட்டாவது மணியில் கோபப்பட்டு மருத்துவமனையோடு சண்டை போடுவதைப் பார்க்கலாம்.

மொத்த நேரத்தையும் குறைக்க ஒரு வழி உண்டு. விமானக் குழு படுக்கைவரை வருவதற்குப் பதிலாக, உள்ளூர் ஐ.சி.யூ. ஆம்புலன்ஸ் ஒரு மருத்துவரோடு நோயாளியை விமானத்தடிக்கே கொண்டுபோய் ஒப்படைப்பது. விமானம் சென்னையில் கிளம்பியது உறுதியானதும் இங்கே வண்டி எடுக்கலாம். ஏழரை, எட்டு மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். ஆனால் இதற்கு இரண்டு நிபந்தனைகள். நோயாளி நிலையாக இருக்க வேண்டும், கூடவே வருபவர் வென்டிலேட்டர் கையாளத் தெரிந்த மருத்துவராக இருக்க வேண்டும். ரத்த அழுத்த மருந்தின் அளவு மணிக்கு மணி ஏறிக்கொண்டிருக்கும் நோயாளிக்கு இந்த முறை வேண்டாம். அப்படிப்பட்டவருக்குக் குழு படுக்கைக்கே வரட்டும்.

எந்த விமான நிலையம்?

பெரும்பாலும் திருவனந்தபுரம். மார்த்தாண்டம், குழித்துறை, குளச்சல், தக்கலை பக்கத்து நோயாளிகளுக்கு வேறு யோசனையே தேவையில்லை. ஓடுதளம் 3 கிலோமீட்டருக்கு மேல். இரவு பகல் இயங்கும். சுங்கம், குடியுரிமைச் சோதனை எல்லாம் உண்டு.

ஆனால் ஆரல்வாய்மொழி, அஞ்சுகிராமம், கன்னியாகுமரி பக்கம் இருப்பவர்கள் தூத்துக்குடி விமான நிலையத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். வாகைக்குளத்தில் இருக்கிறது. நாகர்கோவிலிலிருந்து 100 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம் என்றாலும் வள்ளியூர், நாங்குநேரி, திருநெல்வேலி வழியாக நான்குவழிச் சாலை. தூரம் கூடுதல், குலுக்கல் குறைவு. முதுகெலும்பு உடைந்த நோயாளிக்கு இது பெரிய விஷயம். பதிவு செய்யும்போதே மூன்று கேள்விகள் கேளுங்கள்: அந்த நேரத்தில் நிலையம் திறந்திருக்குமா, இருட்டியபின் இறங்க அனுமதி உண்டா, எரிபொருள் கிடைக்குமா. மூன்றில் ஒன்றுக்கு 'இல்லை' என்றாலும் திருவனந்தபுரமே.

திருவனந்தபுரத்தில் வெளியூர் ஆபரேட்டர்களைத் திகைக்க வைக்கும் ஒரு விஷயம் உண்டு. ஸ்ரீ பத்மநாபசுவாமி கோவில் ஆராட்டு ஊர்வலம் ஓடுதளத்தைக் கடந்துதான் சங்குமுகம் கடற்கரைக்குப் போகும். பங்குனியிலும் ஐப்பசியிலும், ஆண்டுக்கு இரண்டு நாள், மாலையில் சில மணி நேரம் ஓடுதளம் மூடப்படும். விமானிகளுக்கு முன்கூட்டியே அறிவிப்பு வரும். ஆனால் அவசரத்தில் திட்டம் போடும் உறவினர்களுக்கு இது நினைவிருக்காது. நமக்குத் தெரிந்த திருவிழாதானே, நாமே சொல்லிவிடுவது நல்லது.

வானிலையையும் பாருங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை திருவனந்தபுரத்தில் தென்மேற்குப் பருவமழை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை சென்னையில் புயலும் கனமழையும். ஜனவரி விடியற்காலையில் பெங்களூருவில் மூடுபனி. போகி அன்று காலை சென்னையில் புகை மண்டிப் பார்வைத்திறன் குறைந்து விமானங்கள் திருப்பிவிடப்பட்டதுண்டு. அந்தக் காலைக்குப் பதிவு செய்யாமல் பகலுக்குத் தள்ளுங்கள்.

எந்த விமானம்?

சைட்டேஷன் சிஜே2, ஃபீனாம் 300, ஹாக்கர் 400 போன்றவை சிறிய ஜெட்டுகள். கிங் ஏர் பி200, பிலாட்டஸ் பிசி-12 ஆகியவை விசிறி வைத்த டர்போபிராப் வகை. திருவனந்தபுரம்–சென்னை வான்வழி 600 கிலோமீட்டருக்குச் சற்றுதான் அதிகம். இவ்வளவு குறுகிய தூரத்தில் ஜெட் மிச்சம் பிடிப்பது இருபது, இருபத்தைந்து நிமிடம். ஜெட் ஐதராபாத்தில் நிற்கிறது, டர்போபிராப் பெங்களூருவில் நிற்கிறது என்றால் பெங்களூருவிலிருந்து வருவதை எடுங்கள். டெல்லிக்கோ மும்பைக்கோ போவதென்றால் ஜெட்தான் சரி.

ஜெட்டின் பெரிய பலம் கேபின் அழுத்தம். இதைப் பிறகு சொல்கிறோம். பலவீனம், கதவும் உள்ளிடமும். சிஜே வகையில் கதவின் அகலம் சுமார் 2 அடி. உள்ளே உயரம் நாலேமுக்கால் அடிக்குள். நிமிர்ந்து நிற்க முடியாது. பிசி-12இல் பின்பக்கச் சரக்குக் கதவு 1.35 மீட்டர் அகலம், அங்கே ஏற்றுவது எளிது. நோயாளியின் எடையையும் தோள் அகலத்தையும் உயரத்தையும் பதிவின்போதே உள்ளபடி சொல்லுங்கள். 120 கிலோ இருப்பவரை 90 என்று சொன்னால், ஓடுதளத்தின் ஓரத்தில் கதவுக்குள் நுழையாமல் நிற்க வேண்டிவரும். எரிபொருள் கணக்கும் தப்பும்.

உள்ளே இரண்டு இருக்கைகளை எடுத்துவிட்டு ஸ்ட்ரெச்சர் மேடை பொருத்தியிருப்பார்கள். லைஃப்போர்ட், ஸ்பெக்ட்ரம் ஏரோமெட் போன்ற பெயர்கள் காதில் விழும். அந்த மேடைக்குள்ளேயே ஆக்சிஜன், அழுத்தக் காற்று, சக்ஷன் (சளி உறிஞ்சும் கருவி), மின் இணைப்பு எல்லாம் இருக்கும். 'ஸ்ட்ரெச்சர் மட்டும்தான் இருக்கிறது, கருவிகளைக் கையில் கொண்டுவருவோம்' என்று யாராவது சொன்னால் வேறு ஆளைப் பாருங்கள்.

பதிவு செய்யும்போது

இணையத்தில் தேடினால் வருபவர்களில் பலர் இடைத்தரகர்கள். தரகர் என்பதாலேயே தவறில்லை, நல்லவர்களும் இருக்கிறார்கள். ஆனால் பணம் அனுப்புமுன் இவற்றைக் கேட்டு வாங்குங்கள்: விமானத்தின் பதிவு எண் (இந்திய விமானமென்றால் 'விடி' என்று தொடங்கும்), அதை இயக்கும் நிறுவனத்தின் பெயர், சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் கொடுத்த என்.எஸ்.ஓ.பி. (கால அட்டவணையில்லாத வாடகைப் பறப்புக்கான) அனுமதியின் நகல், கூட வரும் மருத்துவரின் தகுதி. இந்த அனுமதி இல்லாத தனிப்பயன்பாட்டு விமானத்தை வாடகைக்கு விடச் சட்டம் இடம் தராது. விபத்து நடந்தால் காப்பீடும் நிற்காது.

இன்னொரு குழப்பம். பயணிகள் விமானத்தில் ஆறு இருக்கைகளை மடக்கி ஸ்ட்ரெச்சர் போட்டுக் கொண்டுபோவதையும் சிலர் 'ஏர் ஆம்புலன்ஸ்' என்றே விற்கிறார்கள். விலை மிகக் குறைவாகச் சொன்னால் இதுவாகத்தான் இருக்கும். அது மோசமான முறையல்ல. எலும்பு முறிந்த, நிலையான நோயாளிக்குப் போதும். ஆனால் ஏற்பாட்டுக்கு இரண்டு மூன்று நாளாகும், வென்டிலேட்டர் நோயாளிக்குப் பெரும்பாலும் கிடைக்காது.

விலையைக் கேட்கும்போது ஒரே தொகையாகக் கேட்காதீர்கள். பறக்கும் மணிக்கான கட்டணம் விமானம் தன் ஊரிலிருந்து கிளம்பித் தன் ஊருக்குத் திரும்பும்வரை போடப்படும், காலியாக வரும் தூரத்துக்கும் சேர்த்து. அதன்மேல் தரையிறங்கும் கட்டணம், நிறுத்தக் கட்டணம், தரைச் சேவை, மருத்துவக் குழு, இரண்டு பக்கத்து ஆம்புலன்ஸ், ஜி.எஸ்.டி. இவை உள்ளடக்கமா, தனியா என்று எழுத்தில் வாங்குங்கள். நோயாளி கிளம்புமுன் இறந்துவிட்டால், அல்லது மருத்துவர் 'இப்போது நகர்த்த முடியாது' என்று சொன்னால் எவ்வளவு திரும்ப வரும் என்றும் கேட்டுவிடுங்கள். கேட்கக் கூசும் கேள்விதான், ஆனால் கேட்டே ஆக வேண்டும். மருத்துவக் காப்பீடு இருந்தால், ஏர் ஆம்புலன்ஸ் அதில் சேருமா, எவ்வளவு வரம்பு, முன் அனுமதி வேண்டுமா என்று அப்போதே போன் போட்டுக் கேளுங்கள். பல பாலிசிகளில் இது கிடையாது, அல்லது சிறு வரம்போடு இருக்கும்.

காகிதங்கள்

சேரும் மருத்துவமனையில் படுக்கை உறுதி என்ற கடிதமோ மின்னஞ்சலோ இல்லாமல் எதையும் தொடங்க வேண்டாம். எந்த மருத்துவர் பொறுப்பேற்கிறார், எந்த வார்டு என்று அதில் இருக்க வேண்டும். சென்னையில் இறங்கியபின் படுக்கை தேடுவதுபோன்ற கொடுமை வேறில்லை.

பிறகு, சிகிச்சை அளித்த மருத்துவரின் நோய்ச்சுருக்கம், பறக்கத் தகுதிச் சான்று, ஸ்கேன் படங்கள் (ஃபிலிம் மட்டும் போதாது, சி.டி.யும் வேண்டும்), கடைசி ரத்தப் பரிசோதனைகள், ஓடிக்கொண்டிருக்கும் மருந்துகளின் பட்டியல், நோயாளிக்கும் கூடப்போகிறவருக்கும் ஆதார் போன்ற படமுள்ள அடையாளச் சான்று. விபத்து, தற்கொலை முயற்சி, தாக்குதல் என்றால் ஏ.ஆர். காப்பியும் (மருத்துவமனை விபத்துப் பதிவேட்டின் நகல்) காவல் நிலையத்துக்குத் தெரிவித்த விவரமும். இது இல்லாமல் போனால் சேரும் மருத்துவமனையில் மறுபடி எல்லாவற்றையும் எழுத வேண்டியிருக்கும்.

ஆம்புலன்ஸ் விமானத்தடிவரை போக வேண்டுமென்றால் வண்டி எண், ஓட்டுநர் பெயர், உரிமம், வண்டியிலிருக்கும் எல்லோரின் அடையாளச் சான்று ஆகியவற்றை விமான நிலையத்துக்கு முன்கூட்டியே அனுப்ப வேண்டும். கடைசி நிமிடத்தில் வண்டியை மாற்றினாலோ 'மச்சானும் ஏறிக்கட்டும்' என்று ஒருவரைச் சேர்த்தாலோ வாயிலில் பாதுகாப்புப் படையினர் நிறுத்திவிடுவார்கள். அவர்கள் வேலை அது. நோயாளியோடு போக ஒரு உறவினருக்கு இடமிருக்கும், சில விமானங்களில் இருவருக்கு. மற்றவர்கள் ரயிலிலோ பயணிகள் விமானத்திலோ முன்பே கிளம்பிவிடட்டும்.

பறக்கத் தயார் செய்வது

இந்தப் பகுதி மருத்துவர், செவிலியருக்கு. ஆனால் உறவினரும் படித்துவைத்தால் ஏன் தாமதமாகிறது என்று புரியும்.

மேலே போகப்போக அழுத்தம் குறைகிறது, காற்று விரிகிறது. ஜெட் 40,000 அடிக்கு மேல் பறந்தாலும் கேபினுக்குள் 6,000 முதல் 8,000 அடி உயரத்தின் அழுத்தம் இருக்கும், அதாவது கொடைக்கானலில் நிற்பதுபோல. 8,000 அடியில் அடைபட்ட காற்று மூன்றில் ஒரு பங்கு பெருக்கும். நெஞ்சுக்கூட்டில் 300 மில்லி காற்று சேர்ந்திருந்தால் அது 400 ஆகும். எக்ஸ்ரேயில் சின்னதாகத் தெரிந்ததென்று விட்டுவைத்த காற்று, நடுவானில் நுரையீரலை நசுக்கும். எனவே நெஞ்சில் குழாய் போடாமல் அப்படிப்பட்ட நோயாளியை ஏற்றக் கூடாது. குழாயைக் கிளாம்ப் போட்டு மூடவும் கூடாது; ஒருவழி வால்வுள்ள பை மாட்ட வேண்டும். மண்டையோட்டுக்குள் காற்று, குடல் அடைப்பு, கண்ணுக்குள் வாயு செலுத்திய அறுவைசிகிச்சை, எல்லாவற்றிலும் இதே ஆபத்து. புதிதாகப் போட்டு இரண்டு நாள் ஆகாத மாவுக்கட்டை நீளவாக்கில் பிளந்துவிட வேண்டும். சங்கு குளிக்கப் போய் அழுத்த மாறுபாட்டால் பாதிக்கப்பட்டவருக்கு உயரமே விஷம்.

வென்டிலேட்டருக்காகத் தொண்டைவழி செருகிய குழாயின் நுனியிலுள்ள கஃப் சிறிய பலூன்தான். ஏறும்போது உப்பி மூச்சுக்குழாயின் சுவரை அழுத்தும், இறங்கும்போது சுருங்கிக் கசியும். கஃப் அழுத்தமானியால் 20–30 செ.மீ. நீரழுத்தத்துக்குள் வைத்து, ஏற்றத்திலும் இறக்கத்திலும் மறுபடி சரிபார்க்க வேண்டும். காற்றை எடுத்துவிட்டு உப்புநீர் நிரப்புவோரும் உண்டு. மூக்குவழி இரைப்பைக்குப் போகும் குழாயைத் திறந்து பையோடு இணைத்துவிடுங்கள். சலைன் பைக்குள் இருக்கும் காற்றைப் பிதுக்கி எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அது விரிந்து சொட்டு வேகத்தைக் கூட்டும். முக்கியமான மருந்து எதுவும் சொட்டில் போகக் கூடாது, சிரிஞ்ச் பம்பில்தான் போக வேண்டும். நார்அட்ரினலின் மணிக்கு 5 மில்லி ஓடினால் 50 மில்லி சிரிஞ்ச் 10 மணி நேரம் வரும். அப்படியும் இன்னொன்றை நிரப்பிப் பெயர் ஒட்டிப் பக்கத்தில் வையுங்கள். பம்பு தடைபட்ட ஒரு நிமிடத்திலேயே ரத்த அழுத்தம் விழும்.

ஆக்சிஜன் தேவையும் கூடும். தரையில் 50 சதவீதம் கொடுத்த நோயாளிக்கு 8,000 அடி கேபினில் அதே பலன் கிடைக்க சுமார் 67 சதவீதம் வேண்டும். தரையிலேயே 75 சதவீதத்துக்கு மேல் வாங்கிக்கொண்டிருப்பவருக்கு 100 சதவீதம் கொடுத்தாலும் அந்த உயரத்தில் போதாது. அங்கேதான் ஜெட் உதவுகிறது. கேபினுக்கு உள்ளும் வெளியுமான அழுத்த வேறுபாட்டை 8.9 பி.எஸ்.ஐ. (அழுத்த அலகு) வரை தாங்கும் சிஜே2 போன்ற விமானம் சுமார் 22,000 அடியில் பறந்தால் கேபினுக்குள் கடல்மட்ட அழுத்தத்தையே வைத்திருக்கலாம். கிங் ஏர் பி200இல் இது ஏறத்தாழ 15,000 அடிவரைதான் முடியும். தாழப் பறந்தால் எரிபொருள் அதிகம் செலவாகும், மேகத்தில் குலுங்கும். ஆனால் சென்னை தூரத்துக்கு அது தாங்கும். மேற்குத் தொடர்ச்சி மலையின் மிக உயர்ந்த ஆனைமுடியே 2,695 மீட்டர்தான் என்பதால் மலையும் தடையில்லை. நுரையீரல் மோசமான நோயாளி, தலைக்குள் காற்றுள்ள நோயாளி என்றால் பதிவு செய்யும்போதே 'கடல்மட்டக் கேபின் வேண்டும்' என்று சொல்லிவிடுங்கள். கிளம்பியபின் விமானியிடம் கேட்டால் எரிபொருள் போதாமல் போகலாம்.

ஆக்சிஜன் கணக்கு

உயிரோடு விளையாடும் இடம் இது. நிமிடத்துக்கு 10 லிட்டர் வாங்கும் நோயாளி. விமான நிலையம்வரை 2 மணி, 1,200 லிட்டர். ஏற்ற, காத்திருக்க முக்கால் மணி, 450. பறப்பு 75 நிமிடம், 750. இறக்கி மருத்துவமனை சேர 75 நிமிடம், 750. மொத்தம் 3,150 லிட்டர். இதை இரட்டிப்பாக்கி 6,300 என்று வைத்துக்கொள்ளுங்கள். தாமதத்துக்கும் கசிவுக்கும் அவ்வளவு ஒதுக்க வேண்டும்.

முழு பி டைப் சிலிண்டரில் 1,500 லிட்டர், டி டைப்பில் 7,000 லிட்டர். பி டைப்பின் அளவுமானி 150 காட்டினால் முழுசு. முள் காட்டும் எண்ணைப் பத்தால் பெருக்கினால் மிச்சமுள்ள லிட்டர். முள் 80இல் நின்றால் 800 லிட்டர், அதாவது இந்த நோயாளிக்கு 80 நிமிடம். களியக்காவிளை தாண்டிக் கொஞ்ச தூரத்தில் தீர்ந்துவிடும். ஒரு பி டைப்பை மட்டும் நம்பிச் சாலையில் இறங்கவே கூடாது. ஆம்புலன்ஸில் டி டைப் ஒன்றும், கையில் தூக்கிப்போக முழு பி டைப் ஒன்றும் வேண்டும். ஆம்புலன்ஸ் சிலிண்டரை விமானத்துக்குள் ஏற்ற முடியாது. விமானத்துக்கென அனுமதிக்கப்பட்ட ஆக்சிஜன்தான் அங்கே. ஆகவே இரண்டு பக்கத்திலும் தனித்தனியாகக் கணக்குப் போட வேண்டும்.

மூக்குவழி உயர்வேக ஆக்சிஜன் நிமிடத்துக்கு 60 லிட்டர் ஓடும் நோயாளியை அப்படியே ஏற்ற முடியாது. பி டைப் சிலிண்டர் 25 நிமிடத்தில் காலி. கிளம்புமுன் மாஸ்க் வென்டிலேஷனுக்கு மாற்றி நிலைக்கிறாரா பாருங்கள். நிலைக்கவில்லையென்றால் ஐ.சி.யூ. வெளிச்சத்தில், எல்லோரும் கூட இருக்கும்போது மூச்சுக்குக் குழாய் போட்டுவிடுங்கள். நாலேமுக்கால் அடிக் கேபினில் முழங்காலிட்டுக் குழாய் போடும் நிலைக்கு யாரையும் தள்ளாதீர்கள்.

கடைசியாக, பயண வென்டிலேட்டரைக் கிளம்புவதற்கு அரை மணி முன்பே மாட்டி, ரத்த வாயுப் பரிசோதனை எடுங்கள். அரை மணியில் சரியாக இருப்பவர் பெரும்பாலும் வழியிலும் சரியாக இருப்பார்.

சாலை

நாகர்கோவிலிலிருந்து தக்கலை, மார்த்தாண்டம் மேம்பாலம், குழித்துறை, களியக்காவிளை. அதற்குப் பின் நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் நெரிசலில் சிக்காமல் காரோடு பைபாஸில் ஏறிக் கோவளம் பக்கமாக ஈஞ்சக்கல் வந்துவிடுங்கள். பள்ளி விடும் மாலை நேரத்தில் தக்கலையிலும் மார்த்தாண்டத்திலும் ஊர்ந்துதான் போக வேண்டும். முடிந்தவரை பிற்பகல் 3 மணிக்கு முன்போ இரவு 8க்குப் பின்போ கிளம்புங்கள். தமிழகப் போக்குவரத்துக் காவலுக்குச் சொன்னது எல்லைக்கு அப்பால் போய்ச் சேராது. இரு பக்கமும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும். ஓட்டுநரிடம் வேகம் கேட்காதீர்கள், சீராக ஓட்டச் சொல்லுங்கள். இரண்டு மணியில் பத்து நிமிடம் மிச்சம் பிடிப்பதைவிட குழாய் நழுவாமல் இருப்பது பெரிது.

விமானத்தடியில்

வண்டி நின்றதும் யாரும் கதவைத் திறந்து ஓட வேண்டாம். விமானி சைகை காட்டும்வரை காத்திருங்கள். இன்ஜின் நின்றிருக்க வேண்டும். தலைமை ஒருவர்தான், விமானக் குழுவின் மருத்துவர். மற்றவர்கள் அவர் வாயைப் பார்க்க வேண்டும்.

முதலில் வண்டிக்குள்ளேயே மாற்றங்கள் நடக்கும், ஒவ்வொன்றாக. மானிட்டர் மாறும், பார்ப்பார்கள். வென்டிலேட்டர் மாறும், ஐந்து நிமிடம் காத்திருப்பார்கள். பிறகு பம்புகள். மூன்றையும் ஒன்றாக மாற்றினால், ஏதாவது தவறும்போது எதனால் என்று தெரியாது. பிறகு நோயாளியை வெற்றிட மெத்தையிலோ ஸ்ட்ரெச்சர் பலகையிலோ இறுகக் கட்டி, எல்லாக் குழாய்களையும் உடலோடு சேர்த்து ஒரே பக்கமாகத் தொகுப்பார்கள். விமானக் கதவில் சரிவுத் தளம் வைத்து நாலு பேராகத் தூக்கி, தலைப்பக்கம் முதலில் உள்ளே போகும். குறுகிய கதவில் பலகையைக் கொஞ்சம் சாய்த்துத் திருப்ப வேண்டியிருக்கும். அந்தச் சில விநாடிகளில் ஒருவரின் கை மூச்சுக்குழாயை விட்டு அகலவே கூடாது. அவருக்கு வேறு வேலையும் கொடுக்கக் கூடாது. சிறுநீர்ப் பை தரையில் இழுபடுவதும் நெஞ்சுக்குழாய் கைப்பிடியில் மாட்டுவதும் இந்த இடத்தில்தான்.

கூடப் போகிறவருக்கு: சிறிய ஜெட்டில் கழிவறை இல்லையென்றே வைத்துக்கொண்டு முன்பே போய்வந்துவிடுங்கள். ஒரு சிறு பை, ஒரு ஸ்வெட்டர். உள்ளே குளிரும். சத்தத்தில் ஸ்டெதாஸ்கோப் பயன்படாது, அதனால் மருத்துவர் முழுநேரமும் மானிட்டரையும் மூச்சிலுள்ள கார்பன் டை ஆக்ஸைடு அளவையும்தான் பார்த்துக்கொண்டிருப்பார். அவரிடம் பேச்சுக் கொடுக்காதீர்கள்.

தலைக்காயமுள்ளவர்களுக்குத் தலைப்பக்கம் 30 டிகிரி உயர்த்தியிருக்க வேண்டும். தலை முன்பக்கம் இருந்தால், ஓடுதளத்தில் பிரேக் போடும்போது ரத்தம் தலைக்குப் பாயும். இறங்குமுன் விமானியிடம் மென்மையாக நிறுத்தச் சொல்வது வழக்கம். சென்னையின் நீண்ட ஓடுதளத்தில் அது முடியும்.

வேலூர் போகிறவர்களுக்கு

நம் மாவட்டத்திலிருந்து சி.எம்.சி.க்குப் போகிறவர்கள் அதிகம் என்பதால் தனியே சொல்ல வேண்டியிருக்கிறது. சென்னையில் இறங்கி மறுபடி 130 கிலோமீட்டருக்கு மேல் சாலை. அதாவது இரண்டு பக்கமும் இரண்டிரண்டு மணி நேரம் ஆம்புலன்ஸ், நடுவில் ஒன்றேகால் மணி விமானம். ஆக்சிஜன் கணக்கை அதற்கேற்ப மாற்றுங்கள். சென்னைப் பக்கத்து ஆம்புலன்ஸில் டி டைப் இருக்கிறதா என்று பெயர் சொல்லிக் கேளுங்கள்.

வளைகுடாவிலிருந்து வருகிறவர்கள்

மஸ்கட், துபாயிலிருந்து திருவனந்தபுரத்துக்கு ஃபீனாம் 300 போன்ற சிறிய ஜெட் ஒரே மூச்சில் வந்துவிடும். அதற்கு அப்பாலென்றால் எரிபொருளுக்கு நடுவில் இறங்க வேண்டியிருக்கலாம், அப்போதும் நோயாளி உள்ளேயேதான் இருப்பார். பாஸ்போர்ட், அங்கத்திய மருத்துவமனைப் பாக்கி தீர்ந்த ரசீது, அந்த நாட்டில் தேவையென்றால் முதலாளி தரப்பின் வெளியேற்ற அனுமதி, தொற்றுநோய் உண்டா என்ற விவரம் ஆகியவை வேண்டும். குமரிக் கடற்கரை ஊர்களின் தொழிலாளர்களில் பலர் நிலையான நோயாளிகள்தான். அவர்களுக்குப் பயணிகள் விமானத்து ஸ்ட்ரெச்சரும் கூட ஒரு செவிலியரும் போதும், செலவு பல மடங்கு குறையும். ஜெட்டை வென்டிலேட்டர் நோயாளிக்கு ஒதுக்குங்கள். குடும்பம் கடன் வாங்கித்தான் கொண்டுவரப்போகிறது என்றால், பணம் கட்டுமுன் அங்குள்ள இந்தியத் தூதரகத்தின் சமூக நலப் பிரிவிடமும் முதலாளி எடுத்துள்ள காப்பீட்டிடமும் எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

சேர்ந்த இடத்தில்

ஐ.சி.யூ. படுக்கையில் மாற்றியபின் விமான மருத்துவர் பறப்பின் பதிவேட்டை ஒப்படைப்பார். எந்த நேரத்தில் என்ன அழுத்தம், எவ்வளவு மருந்து என்று அதில் இருக்கும். ஒரு நகல் கேட்டு வாங்குங்கள், காப்பீட்டுக்கு அதுவே ஆதாரம். சி.டி., பழைய ரிப்போர்ட்டுகள், ஏ.ஆர். காப்பி, நோயாளியின் மோதிரம், கண்ணாடி, பல்செட் எல்லாவற்றையும் எண்ணிப் பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். விமானக் குழுவினர் விமானத்துக்குத் திரும்பும் அவசரத்தில் இருப்பார்கள். ஸ்ட்ரெச்சர் மெத்தைக்கு அடியில் போனது திரும்பக் கிடைப்பது கஷ்டம்.